பாரும் மணலும்

மகாராட்டிரப் பெண்டிர் திருமண நாளில் மூக்கில் அணியும் ‘நத்’ என்னும் அணியை இந்நகரில் வாழும் நம்மவர் அனைவரும் கண்டிருப்பர். முத்துகளை வளைத்துக் கோத்து, இடையே ஒரு சிவப்புக் கல்லைப் பதித்த அவ்வணி பேசுவா காலத்துப் புனேயின் செழிப்பை இன்றும் நினைவூட்டுவது. சில ஆண்டுகளுக்கு முன் அலுவலக நண்பர் ஒருவரின் மகள் திருமணத்திற்கு நாம் குடும்பத்தோடு சென்றிருந்தோம். நாம் தூத்துக்குடிப் பக்கத்தவர் என்று நண்பர் தம் தாயாரிடம் கூற, அம்மூதாட்டி தம் மூக்கணியைத் தொட்டுக் காட்டி, “இவை உங்கள் கடலின் முத்துகள்தாமே?” என்று மராத்தியில் வினவினார். நாமும் பெருமிதம் பொங்கத் தலையை அசைத்துவிட்டோம். வீடு திரும்பும்போதுதான் உறுத்தல் தொடங்கிற்று. நாம் கூறியது உண்மையா?

உண்மையன்று என்றே பின்னர் அறிந்தோம். இலட்சுமி சாலைப் பொற்கடைகளில் பழைய முத்துக்கு ‘பசுரா மோத்தி’ என்பதே பெயர். பாரசீக வளைகுடாவில் எடுத்து, பசுரா வணிகர் கைமாறி, மேலைக் கடற்கரை வழியாக வந்தவை அவை. இன்று விற்பனைக்கு வருபவையோ பெரும்பாலும் வளர்ப்பு முத்துகள். நம் மன்னார்க் கடலில் கடைசியாக முத்துச் சலாபம் நடந்தது 1961ஆம் ஆண்டில். நாம் பிறப்பதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன். அதன் பின் இன்றுவரை ஒரு சலாபமும் இல்லை. ஈராயிரம் ஆண்டுப் புகழ் எங்ஙனம் நின்றுபோயிற்று என்ற வினாவுக்கு விடை தேடி வரலாற்று நூல்களைப் புரட்டினோம். அவற்றுள் பாண்டியர் வந்தனர், போர்த்துக்கீசியர் வந்தனர், டச்சுக்காரர் வந்தனர், ஆங்கிலேயர் வந்தனர். விடை வரவில்லை. இறுதியில் அவ்விடை கிடைத்தது மன்னர்களிடமன்று, சிப்பியிடமே. அக்கதையையே இம்மலரில் எழுத முற்பட்டோம்.

கொற்கையைப் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. மதுரைக்காஞ்சியும் பிற சங்க நூல்களும் அதன் முத்தைப் பாடியுள்ளன. கோப்பெருந்தேவியின் சிலம்பில் இருந்தது முத்து, கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம் என்னும் ஒரே வேறுபாட்டின்மீதன்றோ சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையே நிற்கிறது! பாண்டியன் அரண்மனைச் சிலம்பில் முத்தன்றி வேறென்ன இருக்கும்? கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்ரேயக் கடற் பெரிப்ளூசு’ என்னும் கிரேக்க நூலும் கொற்கையைக் ‘கொல்கோய்’ என்று குறித்து, பாண்டியனுக்கு உரிய அவ்விடத்தில் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்தெடுத்தனர் என்று கூறுகிறது. பாவலர்கள் பாடிய அழகுக்கும் பெயர் தெரியாத அக்கிரேக்க மாலுமி எழுதிய ஒரு வரிக்கும் இடையே உள்ள தொலைவு நம்மைச் சிறிது நேரம் சிந்திக்க வைத்தது. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் 1968-69இல் கொற்கையை அகழ்ந்தபோது சங்கு அறுத்த எச்சங்களும் சிப்பி ஓடுகளும் கிடைத்தன. இன்று கொற்கை கடற்கரையில் இல்லை. தாமிரவருணி கொணர்ந்த வண்டல் கரையை நீட்டிக்கொண்டே போக, ஊர் சில கிலோமீட்டர் உள்ளே தங்கிவிட்டது. துறைமுகம் காயலுக்குப் பெயர்ந்தது. பின்னர்த் தூத்துக்குடிக்குப் பெயர்ந்தது.

ஊர் பெயர்ந்தாலும் சிப்பி வாழும் இடம் பெயரவில்லை. மன்னார் வளைகுடாவின் அடித்தரை பெரும்பாலும் மணல். அம்மணற் பரப்பினிடையே, பாலைவனத்துச் சோலைகளைப்போல, ஆங்காங்கே பாறைத் திட்டுகள் தலைகாட்டுகின்றன. இவற்றையே நம் கடலோடிகள் ‘பார்’ என்பர். தூத்துக்குடிக் கரையிலிருந்து 12 முதல் 20 கிலோமீட்டர் தொலைவில், 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் இவை கிடக்கின்றன. தொளாயிரம் பார் என்பது அவற்றுள் பெயர்பெற்றது. இலங்கைக் கரையில் செவல் பார், பெரிய பார் என்பன. ஒவ்வொரு பாருக்கும் ஒரு பெயர் உண்டு. நிலத்தில் வயல்களுக்குப் பெயர் இட்டதைப் போலவே கடலடியிலும் நம்மவர் பெயர் இட்டு வைத்தனர். திசைகாட்டியும் வரைபடமும் இல்லாத காலத்தில் இருபது மீட்டர் நீருக்கடியில் உள்ள ஒரு கல் மேட்டைப் பெயர் சொல்லித் தேடிச் சென்றடைந்த திறனை எந்த அரசனின் மெய்க்கீர்த்தியும் பாடவில்லை.

முத்துச்சிப்பி ஏன் பாரைத் தேடுகிறது? அதற்கு ஓடுண்டு, ஓட்டத்திற்குரிய உறுப்பு இல்லை. செவுள்களால் கடல்நீரை இடையறாது உறிஞ்சி, அதில் மிதந்து வரும் நுண்பாசிகளை வடித்து உண்பதே அதன் வாழ்க்கை. இரை தேடிப் போகாத உயிர் இரை வரும் வழியில் நின்றாக வேண்டும். நீரோட்டம் உள்ள இடத்தில் நின்றாக வேண்டும். ஆனால் நீரோட்டம் உள்ள இடத்தில் கால் ஊன்றாத பொருள் அடித்துச் செல்லப்படும். இந்தச் சிக்கலைச் சிப்பி தீர்த்துக்கொண்ட விதமே வியப்புக்குரியது. அதன் சிறிய நாப்போன்ற பாதத்தின் அடியில் ஒரு சுரப்பி உண்டு. அதிலிருந்து சுரக்கும் நீர்மம் கடல்நீரில் உறைந்து வலிய பச்சை நிற இழைகளாகிறது. அவ்விழைக் கற்றையால் சிப்பி பாறையைப் பற்றிக்கொள்கிறது. கப்பலுக்கு நங்கூரக் கயிறு எப்படியோ அப்படி. இடம் பிடிக்கவில்லையெனில் இளஞ்சிப்பி அக்கயிற்றை உதறிவிட்டுச் சற்றே நகர்ந்து புதுக் கயிறு திரித்துக்கொள்ளும் ஆற்றலும் உடையது. மணலில் விழுந்த சிப்பிக்குப் பற்ற ஒன்றுமில்லை. செவுளில் மண் அடைத்து மாண்டுபோகும்.

பெற்றோர் பாறையைப் பற்றி நிற்க, பிள்ளைகளோ நாடோடிகள். சிப்பிகளுள் ஆணும் பெண்ணும் வித்தையும் முட்டையையும் நீரிலேயே உதிர்த்துவிடுகின்றன. கருவுற்ற முட்டையிலிருந்து தோன்றும் கண்ணுக்குப் புலனாகாத இளவுயிர்கள் ஏறத்தாழ மூன்று வாரம் நீரோட்டத்தில் மிதந்து திரியும். அதன் பிறகு ஓடு கனத்து அடியில் இறங்கும். இறங்குமிடம் பாராக இருப்பின் வாழ்வு. மணலாக இருப்பின் சாவு. பருவக்காற்று சிறிது திசை மாறினாலும் போதும், ஒரு தலைமுறை முழுவதும் மணற்பரப்பில் பொழிந்து வீணாகும். காற்று துணை செய்யின் ஒரே பாரில் கோடிக் கணக்கில் குஞ்சுகள் வந்து படியும்.

சுவாதி நாளில் பெய்யும் மழைத்துளியைச் சிப்பி வாய்திறந்து ஏற்க, அதுவே முத்தாகிறது என்று நம் நாட்டிலும் மராத்திய நாட்டிலும் ஒருங்கே நம்பி வந்தனர். அறிவியல் இதை ஏற்காது. எனினும் ஒன்று சுட்ட விரும்புகிறோம்: கதிரவன் சுவாதி மீனில் நிற்கும் காலம் ஐப்பசி, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் காலம். மன்னார்க் கடலின் சிப்பிகள் இனப்பெருக்கம் செய்வதும் இரு பருவக்காற்றுகளையும் ஒட்டியே. முத்துக்கும் மழைக்கும் ஏதோ உறவுண்டு என்று முன்னோர் கண்டது பொய்யன்று; உறவின் முறையைத்தான் பிழையாகக் கண்டனர்.

முத்து உண்டாவதற்கும் மணல் துகளுக்கும் தொடர்பு மிகக் குறைவு. சிப்பியின் உடலைப் போர்த்திருக்கும் மெல்லிய சவ்வின் புறத்தோல்தான் ஓட்டின் உட்புறத்துக்கு ஒளிப்பூச்சைச் சுரக்கிறது. புழு, நுண்ணுயிர், சிறு காயம் முதலியவற்றால் அத்தோலின் சில உயிரணுக்கள் உடலின் உள்ளே தள்ளப்பட்டுவிட்டால், அவை அங்கும் தம் தொழிலை மறப்பதில்லை. ஒரு சிறு பையாக வளைந்துகொண்டு உட்புறமாகப் பூச்சைச் சுரந்தவண்ணம் இருக்கும். ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள சுண்ணத் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. அவ்வடுக்குகளில் ஒளி புகுந்து மீள்வதே நாம் காணும் நீரோட்டம். மென்சதையில் விளைந்த முத்து உருண்டையாக இருக்கும். தசைநாரில் விளைந்தது நெருக்குண்டு கோணலாகும்.

இதனை அறிந்த பின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை எடுத்துப் படித்தால் அவை புதிதாகப் பேசுகின்றன. இராசராசன் கொடுத்த அணிகலன்களில் இருந்த முத்துகளை அக்கல்வெட்டுகள் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி என்றெல்லாம் தரம் பிரித்து எண்ணிக் கணக்குக் காட்டுகின்றன. கோப்புகளோடு வாழும் எழுத்தராகிய நமக்கு அக்கணக்கனின்மேல் தனி மதிப்பு உண்டு. உருண்டையையும் கோணலையும் ஒட்டிப்பிறந்ததையும் வேறு வேறு சொல்லால் குறித்த அவன், தான் அறியாமலேயே சிப்பியின் உடற்கூற்றையும் பதிவு செய்துவிட்டான்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, சித்திரை வைகாசித் திங்களில் நடக்கும் முத்துக்குளிப்பை எழுதியுள்ளார். அரசனுக்குப் பத்தில் ஒன்று. சுறாவை மந்திரத்தால் கட்டுபவருக்கு இருபதில் ஒன்று. பின்னாளில் ‘கடல்கட்டி’ என வழங்கப்பட்டவர் இவர்தாம். குளியாள் ஒருவர் கனத்த கல்லில் கால் வைத்து ஒரே மூச்சில் அடித்தரைக்கு இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிட நேரத்தில் கைக்கெட்டிய சிப்பிகளைக் கூடையில் வாரிப் போட்டுக் கயிற்றை இழுப்பார். தோணியில் இருப்பவர் மேலே தூக்கிவிடுவார். ஆங்கிலேயர் ஆட்சியில் எடுத்த சிப்பியை மூன்று கூறாக்கி இரண்டை அரசு கொண்டது, ஒன்று குளியாட்களுக்கு. பத்தில் ஒன்று மூன்றில் இரண்டானதை நாகரிக வளர்ச்சி என்பதா, வேறென்ன என்பதா?

1530களில் பரதவர் போர்த்துக்கீசியரின் காப்பை நாடியதும், 1542இல் பிரான்சிசு சேவியர் இக்கரைக்கு வந்ததும், 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றியதும் பலரும் எழுதியவை. அவற்றை இங்கு விரிக்கவில்லை. நாம் சொல்ல வருவது வேறு. யார் ஆண்டாலும் சலாபம் அவர் விருப்பப்படி நடக்கவில்லை. 1663 முதல் 1961 வரை ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளில் தூத்துக்குடிப் பக்கம் நடந்த சலாபங்கள் நாற்பதைத் தொடவில்லை. சில ஆண்டுகள் தொடர்ந்து விளைச்சல். பின்னர்ப் பத்து, இருபது ஆண்டுகள் வெறுமை. இலங்கைப் பக்கத்தில் 1837க்குப் பின் ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் ஒன்றுமில்லை. 1891க்குப் பின் மீண்டும் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஒன்றுமில்லை. முன்னிருந்தவர் சுரண்டிவிட்டனர் என்று புதிதாக வந்தவர் பழி கூறினர். குளியாட்கள் திருடினர் என்றும் கூறினர்.

இவ்வெறுமையின் காரணம் அறிய 1902இல் இலிவர்ப்பூல் பேராசிரியர் எர்டுமன் என்பாரை இலங்கை அரசு வரவழைத்தது. அவருக்குத் துணையாக வந்தவர் சேம்சு ஆர்னெல். பார்களை நேரில் ஆராய்ந்து அவர்கள் எழுதிய அறிக்கையை இலண்டன் அரச கழகம் 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டது. நாடாப்புழுவின் இளவுயிரே முத்துக்குக் கரு என்று அவர்கள் கொண்ட கருத்து பின்னர் நிலைபெறவில்லை. ஆனால் பார்களைப் பற்றி அவர்கள் கண்டவை இன்றும் மதிக்கத்தக்கன. அலை புரட்டிய மணல் ஒரே பருவத்தில் ஒரு பாரையே மூடிவிடும். திருக்கையும் கிளாத்தியும் கூட்டமாக வந்து மேயும். நட்சத்திர மீன் சிப்பியைப் பிளந்து உண்ணும். ‘சூரன்’ என்று குளியாட்கள் அழைக்கும் சிறு மட்டி தன் இழைகளால் பின்னிப் பரவி இளஞ்சிப்பிகளை மூச்சுமுட்ட வைக்கும். இவற்றையெல்லாம் தப்பிய சிப்பி நான்கைந்து ஆண்டில் நல்ல முத்துத் தரும். அதற்குப் பின் சில ஆண்டுகளே வாழ்ந்து தானே மடியும். அந்தக் குறுகிய இடைவெளியில் எடுத்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

இயற்கை ஒரு வேடிக்கையும் செய்தது. எர்டுமன் வந்த மறு ஆண்டே விளைச்சல் தொடங்கியது. 1905இல் சுமார் 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசுக்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபாய் வருவாய் கிடைத்தது. இதைக் கண்டு இலண்டனில் ஒரு கம்பெனி பிறந்தது. ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் இருபது ஆண்டுக்கு 1906இல் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. அறிவியல் ஆலோசகர், நீராவிக் கப்பல் என்று எல்லாம் வந்தன. 1907க்குப் பின் சிப்பிதான் வரவில்லை. சில ஆண்டுகளில் கம்பெனி கலைந்தது. இலங்கையில் அடுத்த சலாபம் 1925இல்தான் நடந்தது. கடலின் மூன்று வார நாடோடிகளை எந்தக் குத்தகைப் பத்திரமும் கட்டுப்படுத்தவில்லை.

தூத்துக்குடியில் 1955 தொடங்கி 1961 வரை நல்ல காலம். அச்சலாபத்தில் தோணிக்காரர் ஒருவருக்குக் கணக்கெழுதிய முதியவர் நம் ஊரில் இருந்தார். சிறுவராய் இருந்தபோது முத்துக்குளிப்பைப் பற்றி அவரிடம் ஆவலோடு கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, “முத்துக்குளிப்புன்னா என்னலே நெனச்ச? நாத்தம்லா அது!” என்றார். சிப்பியைக் குவித்து அழுகவிட்டு, சதை கரைந்த பின் அலசித்தான் முத்தெடுப்பார்கள். அம்மணம் ஆடையை விட்டு நீங்க ஒரு மாதம் ஆயிற்றாம். அவர் நமக்குத் தந்த சிப்பி ஓடு ஒன்று இன்றும் புனே வீட்டில் உள்ளது. அதன் கீல் ஓரத்தில் இழைக்கற்றை வெளிவரும் சிறு பள்ளத்தை விரலால் தடவி உணரலாம். அதன் பின் வந்த பத்தாண்டுகளில் தூத்துக்குடிப் பக்கம் பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காக வெட்டினர். இழுவை மடிகள் அடித்தரையைக் கிளறின. 1986இல் இருபத்தொரு தீவுகளைச் சேர்த்துக் கடல் தேசியப் பூங்கா அமைந்தது. 2001இல் பவளங்களை எடுப்பது சட்டப்படி தடுக்கப்பட்டது. பற்றி நிற்கக் கல் வேண்டும் உயிர் அது. கல்லையே எடுத்துவிட்டால் அது எங்கே நிற்கும்?

இனிச் சங்கின் கதைக்கு வருவோம். அதே கடல், அதே குளியாட்கள். ஆனால் பார் சிப்பிக்கு, மணல் சங்குக்கு. சிப்பிக்குச் சாவாக இருக்கும் மணலே சங்குக்கு வீடு. அகன்ற தசைப்பாதத்தால் மணலை உழுதுகொண்டு, நீண்ட துதிக்கையால் குழாய்ப்புழுக்களை அவற்றின் வளையிலிருந்து இழுத்து உண்ணும். அது ஊர்ந்த தடத்தைக் கொண்டே குளியாள் அதைக் கண்டறிவார். கோயிலில் வெண்சங்கைக் கண்டவர் கடலடியில் அதைக் கண்டால் அடையாளம் காணமாட்டார். பழுப்பு நிறத் தோல் ஒன்று ஓட்டை முழுதும் போர்த்திருக்கும்.

பிள்ளை வளர்ப்பில்தான் பெரும் வேற்றுமை. சங்கு முட்டையை நீரில் உதிர்ப்பதில்லை. ஆட்டுக்கடாவின் கொம்புபோல் முறுக்கிய, பல அறைகள் கொண்ட உறையை உண்டாக்கி, அடிப்பகுதியை மணலில் ஊன்றி வைக்கிறது. குஞ்சுகள் அவ்வறைகளுக்குள்ளேயே வளர்ந்து, ஓடு பெற்ற சிறு சங்குகளாகவே வெளியே ஊர்ந்து வருகின்றன. மிதந்து திரியும் பருவமே அவற்றுக்கு இல்லை. தாய் வாழ்ந்த மணலிலேயே பிள்ளையும் வாழும். ஆகவே சங்குக்குளிப்பு முத்தைப்போல் இருபது ஆண்டு மறைந்து ஓராண்டு தோன்றுவதன்று, ஆண்டுதோறும் நடந்தது. அதே காரணத்தால், ஓரிடத்தில் முற்றாக வாரிவிட்டால் வேறிடத்துக் குஞ்சுகள் வந்து நிரப்பமாட்டா. இதை உணர்ந்தே, குறித்த அளவு வளையத்துள் நுழைந்துவிடும் சிறு சங்குகளைக் கடலிலேயே விட்டுவிட வேண்டுமென்ற விதி வகுக்கப்பட்டது. சிப்பிக்கு அத்தகைய விதி ஒன்றும் செய்திராது. பின்னாளில் சென்னை மாகாண மீன்துறை இயக்குநரான ஆர்னெல், 1914இல் இந்தியாவின் புனிதச் சங்கைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

முத்தின் கதை முற்றாக முடிந்துவிடவில்லை என்பதையும் கூற வேண்டும். சப்பானியர் தம் கடலில் வளர்ப்பு முத்து விளைவித்தது நம் மன்னார்ச் சிப்பிக்கு மிக நெருங்கிய உறவான சிப்பியைக் கொண்டே. அம்முறை இந்தியாவில் கைகூடியது 1973 சூலையில். நடுவண் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி அவர்கள் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் முதல் வளர்ப்பு முத்தை விளைவித்தார். சிப்பியின் சவ்வில் ஒரு துண்டை வெட்டி, ஓட்டால் செய்த மணியோடு மற்றொரு சிப்பியின் உடலில் பதிக்கும் கலை அது. 1981இல் தூத்துக்குடியில் பொரிப்பகத்திலேயே சிப்பிக் குஞ்சுகளையும் உண்டாக்கினர். மூன்று வார நாடோடி வாழ்வைத் தொட்டிக்குள் அடக்கிய அச்செய்தி, முந்நூறு ஆண்டாக ஆட்சியாளர்கள் இழந்த இலாபத்தை எண்ணும்போது பெரிதும் சுவைக்கிறது. எனினும் பார்கள் பார்களாகவே, சலாபம் இன்றியே கிடக்கின்றன.

அம்மூதாட்டியிடம் சென்று நம் பிழையை ஒப்புக்கொள்ள எண்ணினோம். சென்ற தீபாவளிக்கு நண்பர் இல்லம் போனபோது அவ்வாய்ப்புக் கிட்டியது. பசுரா என்றதும் அவர் சற்றும் வருந்தவில்லை. தம் மாமியாரும் அப்படித்தான் கூறினார் என்றார். “அப்படியானால் உங்கள் கடலிலிருந்து இவ்வூருக்கு ஒன்றுமே வரவில்லையா?” என்று மட்டும் கேட்டார். நமக்கு உடனே ஒன்று நினைவுக்கு வந்தது. நம் குடியிருப்பில் மேல்மாடியில் வங்காளக் குடும்பம் ஒன்று வாழ்கிறது. அவ்வீட்டு அம்மையார் இரு கைகளிலும் வெண்சங்கு வளையல் அணிந்திருப்பார். மணமான வங்கப் பெண்டிரின் மங்கலச் சின்னம் அது. டாக்காவின் சங்கறுப்போர் தலைமுறை தலைமுறையாக அறுத்துக் கடைந்தவை பெரும்பாலும் நம் மன்னார்க் கடல் மணலில் ஊர்ந்த சங்குகளே. அதனை அவரிடம் கூறினோம். மறுநாள் மாலை அவ்வம்மையாரிடமும் கூறினோம். அவர் தம் வளையலைச் சுழற்றிப் பார்த்துவிட்டு, “இது கல்கத்தாவில் வாங்கியதாயிற்றே!” என்றார்.